கடைசி இலக்கத்தை மாற்ற வேண்டாம்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரே பக்கத்தில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. மேலே, ஒரு நிறுவனத்துக்கு விஞ்ஞானப் புத்தாக்க விருது கிடைத்த செய்தி, பூச்செண்டோடு படம். கீழே, இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் இணையத்தில் வெளியாகிவிட்ட செய்தி, படம் இல்லை. பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தால் இரண்டும் ஒரே நிறுவனம் என்றுதான் தோன்றும். "வாடிக்கையாளரின் தனியுரிமையே எமது முதல் அக்கறை" என்று இரண்டிலும் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியவள் நிரோஷா. என் கீழ் நாலு வருடம் வேலை பழகியவள். இப்போது ஒரு பெரிய இடத்தில் இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருக்கிறாள். படத்துக்குக் கீழே, "வசந்தி அக்கா, எங்கட கதையையும் எழுதுங்கோவன். நீங்கள் இப்ப ரிட்டயர்ட் தானே, இனி ஆரும் ஒண்டும் செய்யேலாது" என்று ஒரு குறிப்பு. ஓய்வு பெற்றவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. அதனால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலும் ஆட்களின் பெயர்களை மாற்றியும் எழுதுகிறேன். தனியுரிமையைப் பற்றி எழுத வந்தவள் அதையாவது செய்ய வேண்டும்.

நான் வேலை செய்தது கொழும்பில் பல கிளைகள் வைத்திருந்த ஒரு தனியார் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில். தலைமை அலுவலகம் வெள்ளவத்தையில், என் வீட்டிலிருந்து நடை தூரம். சனங்கள் கொடுத்துவிட்டுப் போகும் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து முடிவைத் தாளில் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். நான் தட்டச்சாளராகச் சேர்ந்தேன். பிறகு கணினி வந்தது. தட்டச்சு தெரிந்தவளுக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்று மேலிடம் முடிவு செய்தது. பிறகு இணையம் வந்தது. கணினி தெரிந்தவளுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்றார்கள். அவர்கள் சொன்னதை உண்மையாக்குவதற்காகப் பல வருடம் மாலை வகுப்புகளுக்குப் போனேன், பரீட்சை எழுதினேன். கடைசியில் ஒருநாள் என் மேசையில் "தகவல் பாதுகாப்பு அதிகாரி" என்று ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். மேசை பழையதுதான்.

அந்தப் பெயர்ப்பலகை வந்த பிறகு நான் செய்த முதல் காரியம், மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று விதி போட்டது. ஜனவரியில் கணக்குப் பிரிவு முழுவதும் 'ஜனவரி' என்று வைத்தது. பெப்ரவரியில் என்ன வைத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது காரியம், எங்கள் இணையத்தளத்தில் இருந்த தனியுரிமைக் கொள்கையை வாசித்தது. நிறுவனத்தில் அதை வாசித்த முதல் ஆள் நான்தான் என்பது நாலாவது பந்தியில் தெரிந்தது. "உங்கள் அறையில் நீங்கள் விரும்பும் தலையணை வகை பற்றிய விவரங்களை நாம் மூன்றாம் தரப்பினருக்கு வழங்க மாட்டோம்" என்று எழுதியிருந்தது. எந்த ஹோட்டலில் இருந்து எடுத்தார்களோ தெரியாது. தலையணை விஷயத்தில் எங்கள் நோயாளிகளின் இரகசியம் கடைசிவரை காப்பாற்றப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இதை நான் எங்கள் பொது முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்தேன். அவரை அபேநாயக்க என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அறைக்குள் யார் போனாலும் எழுந்து நிற்பார், கதிரையைக் காட்டுவார், தேநீர் வரும்வரை வீட்டுச் சுகம் விசாரிப்பார். என்னைத் 'துவ' என்பார். சிங்களத்தில் மகள் என்று அர்த்தம். எனக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருந்தது, அவர் என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். நீங்கள் கொடுத்த கடிதத்தை முதலில் இருந்து கடைசிவரை வாசிப்பார், ஒரு சொல்லைக்கூட விடமாட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, இடது மூலையில் அழகான கையெழுத்தில் 'நோட்டட்' என்று எழுதுவார். 'கவனத்தில் கொள்ளப்பட்டது.' அதற்குப் பிறகு அந்தக் கடிதத்துக்கு இந்த உலகத்தில் எதுவும் நடக்காது. என் கோப்பில் பச்சை மையில் அந்தச் சொல் எத்தனை முறை இருந்தது என்று நிரோஷா ஒருமுறை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

இப்போது செபஸ்டியனுடைய விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது எங்கள் நிறுவனம் ஒரு புதிய சேவையைத் தொடங்கி ஓரிரு மாதம் ஆகியிருந்தது. அறிக்கையை எடுக்க நோயாளி திரும்ப வரத் தேவையில்லை. கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அதில் உள்ள இணைப்பை அழுத்தினால் அறிக்கை திரையில் தெரியும். இந்தச் சேவையைத் தேசிய மட்டத்தில் ஒரு விஞ்ஞானப் புத்தாக்க விருதுக்கு அனுப்பியிருந்தார்கள். விண்ணப்பத்தின் தலைப்பு, 'நோயாளியின் தனியுரிமையை மையமாகக் கொண்ட அறிக்கைச் சேவை'. அதில் பாதுகாப்பு என்ற அத்தியாயத்தை எழுதும் பொறுப்பு எனக்கு. சேவையைக் கட்டியது வெளியே ஒரு மென்பொருள் நிறுவனம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்ட அவர்கள் மறுத்துவிட்டார்கள். காரணம், பாதுகாப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை வரவேற்பில் இருந்து என்னை அழைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர் வந்திருக்கிறார், கத்தவில்லை, ஆனால் போகவும் மாட்டேன் என்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டையை நன்றாக அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். பெயர் செபஸ்டியன், கொட்டாஞ்சேனையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓடுகிறவர்.

"மிஸ், எனக்கு ஒண்ணே ஒண்ணு தான் தெரியணும். என் ரிப்போர்ட்ட யாரு குடுத்தது?" என்றார்.

"ஆருக்குக் குடுத்தது?"

அவர் தன் தொலைபேசியை நீட்டினார். வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கென ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில், எங்கள் நிறுவனத்தின் சின்னம் மேலே பளிச்சென்று தெரிய, அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கை. ஹெபடைட்டிஸ் பி என்ற ஈரல் நோய்க் கிருமி இருப்பதாக முடிவு. கீழே ஒரு பெற்றோரின் குறிப்பு: "எல்லோருடைய நன்மைக்காகவும் பகிர்கிறேன்." அதற்குக் கீழே கை கூப்பும் படங்கள் வரிசையாக.

"எனக்கு மெசேஜ் வந்தது சனிக்கிழம பின்னேரம். குரூப்புல வந்தது அன்னைக்குக் காலையிலயே. என் ஒடம்புக்கு என்னான்னு எனக்கு முந்தி அவங்க படிச்சிட்டாங்க மிஸ்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்குக் காலையில பதினாறு புள்ளைங்கள்ல மூணு தான் வந்திச்சு. ஏன் வரலன்னு கேக்கலாம்னு பாத்தா, என்னைய குரூப்புல இருந்து தூக்கிட்டாங்க" என்றார்.

என் முதல் எண்ணம், கொட்டாஞ்சேனைக் கிளையில் யாரோ வாய் விட்டிருக்கிறார்கள் என்பதுதான். ஐந்து நிமிடம் அந்தக் கிளைப் பிள்ளைகளை மனதுக்குள் ஒவ்வொருவராகச் சந்தேகித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு அந்தப் படத்தை இன்னொருமுறை பார்த்தேன். அது தாளைப் பிடித்த படம் அல்ல, கணினித் திரையைப் பிடித்த படம். மேலே இணைப்பின் முகவரி முழுதாகத் தெரிந்தது. முகவரியின் கடைசியில் ஓர் இலக்கம். நாங்கள் வரிசையில் கொடுக்கும் இலக்கமேதான்.

"இதைப் போட்டவர் ஆர்?"

"தேவராஜ். நம்ம வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. அவரு ரெண்டு புள்ளையும் என் வேன்ல தான் போவுதுங்க. நல்ல மனுசன் தான் மிஸ். முந்தின நாளு ரத்தம் குடுக்க லைன்ல எனக்கு முன்னுக்கு நின்னதே அவரு தான். சீனி பாக்க வந்திருந்தாரு."

விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். தேவராஜுடைய சீனி அறிக்கை முதலில் வந்திருக்கிறது. சின்னத் திரையில் எழுத்துத் தெரியவில்லை என்று, இணைப்பை வீட்டுக் கணினியில் கையால் அடித்துத் திறந்திருக்கிறார். கடைசி இலக்கத்தில் விரல் ஒன்று தள்ளிப் பட்டிருக்கிறது. அடுத்த இலக்கம் செபஸ்டியனுடையது; அவருக்குக் குறுஞ்செய்தி போவதற்கு முன்பே அறிக்கை அங்கே ஏறியிருந்தது. எந்தக் கேள்வியும் கேட்காமல் திரை அவருக்கு அயலவரின் இரத்தத்தைக் காட்டியிருக்கிறது. கள்ளன் என்று சொல்ல அதில் யாரும் இல்லை. கண்ணாடி போட மறந்த ஒரு மனிதர் மட்டும்தான்.

செபஸ்டியனிடம் நான், "பிழை எங்கட பக்கம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் குடுக்கேல்ல, ஆனாப் பிழை எங்கடதான்" என்றேன். அப்படிச் சொல்லக் கூடாது என்பது எங்கள் நிறுவன விதி. அவர் தலையாட்டினார். "அப்ப அத எழுதித் தாங்க மிஸ்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுக்க எங்கள் நிறுவனத்தில் எவருக்கும் அதிகாரம் இல்லை என்பதை அன்று பின்னேரம் அறிந்துகொண்டேன். சட்ட ஆலோசகர் தொலைபேசியில், வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், அனுதாபம் தெரிவிக்கலாம் என்றார்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. இன்னொருவருடைய அறிக்கையைத் திறந்து பார்த்து, பார், திறக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தேவராஜ் தவறிச் செய்ததை நான் தெரிந்தே செய்ததாகிவிடும். ஆகவே அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நின்று, என் பெயரிலேயே அடுத்தடுத்து இரண்டு இலக்கங்களில் பரிசோதனை பதிந்தேன். இரண்டு முறை ஊசி குத்திய பிள்ளை, "மிஸ், அஞ்சு நிமிசத்துல சீனி மாறிடுமா?" என்று கேட்டாள். முடிவுகள் வந்ததும், எந்தக் கணக்கிலும் நுழையாமல், நிரோஷாவின் தொலைபேசியில் முதல் இணைப்பைத் திறந்தேன். கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டினேன். என் இரண்டாவது அறிக்கை வந்து நின்றது. பாதுகாப்பு என்ற அத்தியாயத்தில் 'வங்கித் தரத்திலான' என்று நான் எழுதி வைத்திருந்த வரியை அன்றே வெட்டினேன்.

எங்களிடம் சம்பவ அறிக்கைக்கென ஒரு படிவம் இருந்தது. மூன்று பிரதி. சம்பவத்தின் தன்மை, கண்டறிந்த நேரம், பாதிக்கப்பட்டோர், உடனடி நடவடிக்கை. 'பாதிக்கப்பட்டோர்' என்ற கட்டத்தில் "சேவை தொடங்கிய நாளில் இருந்து எம்மிடம் வந்த அனைவரும்" என்று எழுதினேன். 'உடனடி நடவடிக்கை' என்ற கட்டத்தில் "சேவையை இன்றே நிறுத்துதல்" என்று எழுதினேன். அபேநாயக்க எழுந்து நின்றார், கதிரையைக் காட்டினார், என் தங்கையின் மகளுடைய பரீட்சையைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

"துவ, விருதுக் குழு எப்போது வருகிறது?"

"மூன்று கிழமையில், சேர்."

"சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா? ஓடாத சேவைக்கு விருது கொடுப்பார்களா?"

"ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கு வரும் ஆளுடைய அறிக்கையும் அடுத்த ஆளுக்குத் தெரியும், சேர்."

"யாராவது மாற்றிப் பார்த்தால்தானே?" என்று மிக மென்மையாகச் சொல்லிவிட்டு, பச்சைப் பேனாவை எடுத்தார்.

இருந்தாலும் இம்முறை ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மென்பொருள் நிறுவனத்தோடு ஒரு கூட்டம் வைத்தார். அங்கிருந்து வந்த இளைஞர், இது குறைபாடு அல்ல, இலக்கம் எளிதாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்கள்தான், முழுதாக மாற்ற நாலு மாதம் எடுக்கும் என்றார். இடைக்கால ஏற்பாடாக என்ன செய்யலாம் என்று அபேநாயக்க கேட்டார். அடுத்த நாள் காலையில் இருந்து எங்கள் குறுஞ்செய்திகள் எல்லாவற்றின் கீழும் மூன்று மொழியிலும் ஒரு வரி வந்தது: 'தயவுசெய்து கடைசி இலக்கத்தை மாற்ற வேண்டாம்.'

அதுவரை அப்படி ஒன்று செய்யலாம் என்றே தெரியாதிருந்த கொழும்பு நகரத்துக்கு நாங்களே வழி சொல்லிக் கொடுத்தோம். நிரோஷா அன்று மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "அக்கா, என்ட அம்மான்ர ரிப்போர்ட்டும் இதுக்குள்ளதான் கிடக்கு" என்றாள்.

அந்த மூன்று கிழமையும் செபஸ்டியன் ஒவ்வொரு திங்களும் வந்தார். கத்த மாட்டார். "எழுதியாச்சா மிஸ்?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். இரண்டாம் கிழமை வேனில் ஒரு பிள்ளையும் இல்லை. புறக்கோட்டையில் ஒரு கடைக்குச் சாமான் ஏற்றுகிறேன், வேன் சீட்டுகளைக் கழற்றிவிட்டேன் என்றார். அவர் மனைவி, தேவாலயத்தில் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு வாங்குப் பலகையில் போய் இருந்ததைச் சொல்லி அழுதாளாம். அதை அவர் என்னிடம் சொல்லும்போது, மற்றவர் யாரோ பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

விருதுக் குழு வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஊழியர்களுக்கான வருடாந்த மருத்துவப் பரிசோதனை நடந்தது. நான் வரிசையின் முன்னே நின்றேன். அபேநாயக்க வந்தார். முகாமையாளர் என்பதால் வழிவிட்டேன். "இல்லை இல்லை துவ, பெண்கள் முதலில்" என்று எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்த மரியாதையால் அவருடைய இலக்கம் என்னுடையதுக்கு அடுத்ததாக வந்தது. இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு படியேறும்போதே எனக்கு அது உறைத்துவிட்டது.

மறுநாள் என் அறிக்கை வந்ததும் அவர் அறைக்குப் போனேன். எழுந்து நின்றார், கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. என் தொலைபேசியை அவர் மேசையில் வைத்தேன்.

"சேர், இது என்னுடைய அறிக்கை. கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட. உங்களுடைய இலக்கம் இதற்கு அடுத்தது. நான் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்."

அவர் தொலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் சுட்டுவிரலாலேயே கடைசி இலக்கத்தை அழித்து, அடுத்ததை அடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. அவருடைய அறிக்கையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இதை வேறு யார் பார்க்கலாம்?" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை.

"எனக்கு முன்னால் நின்றவர். உங்களுக்குப் பின்னால் நின்றவர். எங்களிடம் இருந்து ஒரு குறுஞ்செய்தி பெற்ற யாரும், சேர்."

ஒரு மணித்தியாலத்துக்குள் சேவை நிறுத்தப்பட்டது. நாலு மாதம் எடுக்கும் என்ற திருத்தம் மூன்றாம் நாள் முடிந்தது. இலக்கம் இருந்த இடத்தில் யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச் சரம். அதற்கும் மேலே, நோயாளியின் தொலைபேசிக்குத் தனியாக வரும் ஒரு குறியீடு. ஐந்தாம் நாள் விருதுக் குழு வந்து இறங்கியது.

குழுவில் மூன்று பேர். இருவர் மண்டபத்தின் குளிரூட்டியைப் பாராட்டினார்கள். மூன்றாமவர் ஒரு பேராசிரியை, வெள்ளைத் தலை, பருத்திச் சேலை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்தச் சேவையில் எப்போதாவது பாதுகாப்புச் சம்பவம் ஏதும் நடந்ததா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அபேநாயக்க, "ஒன்று நடந்தது, மேடம். தெரியவந்து ஒரு மணித்தியாலத்தில் மூடிவிட்டோம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யே அல்ல. அவருக்குத் தெரியவந்தது அன்றுதான்.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

என் சேவைக்காலத்தில் இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருந்தது. தங்கையின் மகளை நான்தான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு நினைவுக்கு வந்தது செபஸ்டியன் தலையாட்டுவதுதான்.

"மூடியது ஒரு மணித்தியாலத்தில்தான், மேடம். தெரியவந்தது அதற்குக் கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு முன்னால். மூடும்போது ஒருவருடைய தொழில் போய்விட்டிருந்தது" என்றேன்.

அபேநாயக்க தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியை தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினார். குழு போன பிறகு யாரும் என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. கன்டீனில் என் மேசை மட்டும் விசாலமாக இருந்தது.

அந்த விசாலத்தில் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் டொக்டர் நஸ்ரின். எங்கள் பரிசோதனை அறிக்கைகளில் கையெழுத்திடும் நோயியல் நிபுணர். தட்டை வைத்துக்கொண்டே, "அந்த டிரைவர்ட ரிப்போர்ட்ல சைன் வெச்சது நான். அந்தக் கிருமி இரத்தம், உடலுறவு மாதிரி வழியில தான் பரவும். சீட்ல இருந்தா, தொட்டா, இருமினா வராது. அதை அந்தப் பெற்றோருக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. எங்கள் நிறுவனம் தன் இணைப்பைத் திருத்துவதில் மும்முரமாக இருந்தது.

செபஸ்டியனிடம் கேட்டேன். சம்மதித்தார். எனக்கு அது போதவில்லை. மூன்று பந்தியில் ஒரு சம்மதப் படிவம் எழுதினேன்: என் நோயைப் பற்றி இன்ன ஆட்கள், இன்ன இடத்தில், இன்ன ஆட்களிடம், இந்த அளவுக்குப் பேச நான் அனுமதிக்கிறேன். அவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். எங்கள் நிறுவனம் ஒரு நோயாளியிடம், விளங்கும் மொழியில், உண்மையாகக் கேட்டு வாங்கிய முதல் சம்மதம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தலையணையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டினோம். பதினோரு பேர் வந்தார்கள். தேவராஜும் வந்திருந்தார், கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு. டொக்டர் நஸ்ரின் பத்து நிமிடம் சொன்னார். ஒரு தாய் எழுந்து, "அப்ப புள்ளைங்க அவரு குடுக்குற டொஃபி சாப்பிட்டா?" என்று கேட்டாள். "பல்லுக்குத் தான் கூடாது" என்றார் டொக்டர். சிலர் சிரித்தார்கள். தேவராஜ் சிரிக்கவில்லை.

"நான் நல்லதுக்குத் தான் போட்டேன். எனக்கு அது வந்திச்சு. வந்தத சொல்லாம இருந்தா அது தப்பில்லையா?" என்றார்.

"உங்களுக்கு வரேல்ல. எங்கட பிழையால திறந்து கிடந்தது. திறந்து கிடந்த கதவுக்குள்ள நீங்கள் தெரியாமப் போயிட்டியள், அது உங்கட குற்றமில்லை. ஆனா உள்ளுக்கு இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தியில வச்சது நீங்கள்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் எட்டுப் பிள்ளைகள் வேனுக்குத் திரும்பின. செபஸ்டியன் சீட்டுகளைத் திரும்பப் பூட்டினார். மற்றவை வரவில்லை.

அதே வாரம் எனக்கு இரண்டு கடிதங்கள் கிடைத்தன. ஒன்று எங்கள் ஊழியர் எல்லோருக்கும் வந்த சுற்றறிக்கை: எமது நிறுவனம் விருது பெறுகிறது. புத்தாக்கத்துக்கான விருது வேறு யாருக்கோ போய்விட்டது. ஆனால் குழுவின் முன் தன் குறையைத் தானாகவே ஒப்புக்கொண்ட நேர்மைக்காக எங்களுக்கு 'வெளிப்படைத்தன்மைக்கான சிறப்பு விருது'. இரண்டாவது கடிதம் எனக்கு மட்டும், மனிதவளப் பிரிவில் இருந்து: நோயாளி ஒருவரின் மருத்துவ விவரத்தை வெளியாருடன் கலந்துரையாடி, நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையை மீறியமைக்காக எச்சரிக்கை. செபஸ்டியனின் கையெழுத்திட்ட படிவத்தை இணைத்துப் பதில் எழுதினேன். அதற்கு மறுமொழி இன்றுவரை வரவில்லை. எச்சரிக்கை மட்டும் என் கோப்பில் இருந்தது. அடுத்த சம்பள உயர்வு எனக்குக் கிடைக்காததற்கு அதுவே காரணம் என்று சொன்னார்கள்.

விருது விழாவுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அபேநாயக்க மேடையேறி, கண்ணாடியில் செய்த அந்தக் கனமான பொருளை வாங்கிக்கொண்டு, தவறுகளை மறைக்காத ஒரு பண்பாட்டைத் தாம் பல வருடமாக வளர்த்து வந்ததாகப் பேசினார். பேச்சு நன்றாக இருந்தது. நானும் கை தட்டினேன். கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "துவ, எனக்கு அன்றைக்குப் பயம் வந்தது. அந்த மனிதருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா?" என்றார். நான் ஓம், அப்படித்தான் என்றேன். அடுத்த நாள் ஒரு கடிதம் கொட்டாஞ்சேனைக்குப் போனது. சட்ட ஆலோசகரிடம் காட்டாமல், அபேநாயக்க தன் கையாலேயே எழுதியது. அதில் பிழை எங்களுடையது என்று இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை, செபஸ்டியன்தான் சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன், கொட்டாஞ்சேனைக் கிளைக்கு ஏதோ கணினி வேலையாகப் போயிருந்தேன். பாடசாலை விடும் நேரம். வீதியோரம் செபஸ்டியனுடைய வேன் நின்றது. உள்ளே பிள்ளைகள் ஒரே சத்தம். ஜன்னலோரம் இருந்த இரண்டு முகங்களை எங்கோ பார்த்தது போல இருந்தது.

"அது தேவராஜ்ட பிள்ளையள் எல்லே?"

"ஆமா மிஸ்."

"அவர் வந்து மன்னிப்புக் கேட்டவரோ?"

"இல்ல." செபஸ்டியன் சிரித்தார். "அன்னைக்கு நல்ல மழ. ரெண்டும் பஸ் ஹோல்ட்டுல நனைஞ்சுக்கிட்டு நின்னிச்சுங்க. நிப்பாட்டிட்டேன். மறுநாளும் நின்னிச்சுங்க. நிப்பாட்டிட்டேன்."

"தேவராஜ் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"மூணாவது நாளு என்னைய திரும்பவும் குரூப்புல சேத்துட்டாரு."

"பிறகென்ன, நல்லதுதானே."

"நான் வெளிய வந்துட்டேன் மிஸ்" என்றார். பெரிய வகுப்புகளுக்கான மணி அடித்தது. கடைசிப் பிள்ளை ஏறும்வரை பார்த்துக் கதவை இழுத்துச் சாத்தினார். "புள்ளைங்கள கொண்டு போய் வுட அந்தக் குரூப்பு வேணாமே. ரோடு தெரிஞ்சா போதும்."